அருளானந்தம் வாத்தியாரின் வழிகாட்டிக் கடிகாரம்

வழி கேட்பது என்றால் அருளானந்தம் வாத்தியாருக்கு உயிர் போய்விடும். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர் அவர். சாக்பீஸைத் தூக்காமல் ஒரே இழுப்பில் கரும்பலகையில் இந்தியாவை வரைந்து முடிப்பார். கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து கூடும்போது பையன்கள் கைதட்டுவார்கள். அப்பேர்ப்பட்டவர் பெட்டிக்கடை வாசலில் நின்று, இந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று கேட்பதா? கேட்காமல் இருப்பதைக் கௌரவம் என்று அவர் நினைத்திருந்தார். வெறும் வீம்பு என்பது ஊருக்கே தெரியும்.

கூட வேலை பார்த்த உடையப்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு நேமத்தான்பட்டிக்குப் போனது ஒரு கதை. அங்கே வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். புதிதாய் வருகிறவனுக்கு எல்லா முகப்பும் ஒன்று போலத்தான் இருக்கும். வாத்தியார் யாரையும் கேட்கவில்லை. பந்தல் கண்ணில் பட்டதும் விறுவிறுவென்று நுழைந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஞானபூரணி பெண்கள் வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கை கழுவப் போகும்போதுதான் பந்தலில் வேறு யார் பெயரோ எழுதியிருப்பதை அவர் பார்த்தார்.

“நீ பாக்கலையா?” என்று வெளியே வந்து கேட்டார்.

“நொழையும்போதே பாத்தேன்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க முன்னால போயிட்டீக.”

இதை அவர் வருஷக்கணக்காக ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுடைய பதிலில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது கிறிஸ்மஸுக்கு மகன் ஆரோக்கிய பிரபு லீவில் வந்தான். கப்பலில் என்ஜின் வேலை பார்க்கிறவன். ஜப்பானில் வாங்கிய கைக்கடிகாரம் ஒன்றை அப்பாவின் கையில் கட்டிவிட்டான். தீப்பெட்டியைத் தூக்கி மணிக்கட்டில் வைத்த மாதிரி இருந்தது. மலையேறப் போகிறவர்கள் காட்டில் தொலைந்து போகாமல் இருக்கக் கட்டிக்கொள்வதாம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைப் பிடித்து, நாம் நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டு, போகவேண்டிய இடம் எந்தப் பக்கம் என்று கண்ணாடியில் அம்புக்குறி காட்டும்.

“இனிமே நீங்க யாருகிட்டயும் வழி கேக்க வேணாம்ப்பா” என்றான் பிரபு.

“இதுக்கு முன்னாடி மட்டும் கேட்டாகளாக்கும்” என்றாள் ஞானபூரணி.

அவன் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தான். அம்பு காட்டுவது நேர்கோடு. நடுவில் குளம் இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அப்புறம், எந்நேரமும் போட்டு வைத்தால் பேட்டரி நிற்காது. இந்த ஊரில் அந்தப் பேட்டரி கிடைக்கவும் கிடைக்காது. வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். தெருவின் நடுவில், வானம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். பிள்ளையார்பட்டி எங்குட்டு, காளையார்கோவில் எங்குட்டு என்று அவர்கள் கேட்கக் கேட்க இவர் அம்பு வைத்துக் காட்டினார். எல்லாருக்கும் தெரிந்த திசைதான். இருந்தாலும் ஆச்சரியப்பட்டார்கள்.

அந்த மாதம் ஞானபூரணிக்கு வேறு கவலை இருந்தது. மகள் ரீனா தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஞானபூரணி, ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்த புனிதர் அருளானந்தருக்கு நேர்ந்துகொண்டாள். காலில் செருப்பில்லாமல், எந்த வண்டியிலும் ஏறாமல், வீட்டிலிருந்து நடந்தே வருவேன்; அந்தக் கோயில் சிவப்பு மண்ணை எடுத்து வந்து பேரன் நெற்றியில் பூசின பிறகுதான் அவனுக்கு ஞானஸ்நானம் என்று. தாய்மாமன் பிரபுதான் ஞானத்தகப்பன். பொங்கலுக்கு முன்னால் அவன் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அவள் நடந்துவிட வேண்டும்.

கிறிஸ்மஸ் முடிந்ததும் கிளம்பினார்கள். ஞானபூரணி, அவள் தம்பி இமானுவேல், அவன் மனைவி சகாயராணி, வாத்தியார். நேர்ச்சை ஞானபூரணிக்கு மட்டும்தான் என்றாலும் மற்ற இரண்டு பேரும் அவளுக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். வாத்தியார் மட்டும் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். பள்ளிக்கூடத்து மாவட்ட வரைபடத்தில் அடிக்குச்சி வைத்து அளந்து, ஓரியூர் இருக்கிற இடத்தைக் கடிகாரத்தில் ஏற்றியிருந்தார். இமானுவேல் ஒரு விவசாயி. வழி கேட்பதற்கென்றே டீக்கடையில் நிற்கிற ரகம். இந்தத் தடவை அவனுக்கு அந்த வேலை இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

முதல் நாள் தார்ரோடு. தேவகோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். போகிற வழியெல்லாம், நின்ற இடத்திலெல்லாம், வாத்தியார் பொத்தானை அமுக்கி அம்பைக் காட்டினார். டீ ஆற்றுகிறவன் பார்த்தான், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். மறுநாளும் அதே கூத்துதான். திருவாடானை தாண்டி, ரோட்டை விட்டு ஒரு மண்பாதையில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மங்கியது. அமுக்கிப் பார்த்தார். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். ஒன்றும் வரவில்லை.

பேட்டரி போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. இமானுவேல் கொஞ்சம் கேலி பண்ணியிருப்பான், அவ்வளவுதான். வாத்தியாருக்கு நாக்கு எழவில்லை. கையை முன்னைப்போலவே தூக்கி, முன்னைப்போலவே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு நடந்தார்.

பாதை ஒரு கண்மாய்க் கரையில் ஏறியது. கரை பெரிய வளைவாக வளைந்து போனது. அக்கரையில் பனைகளுக்குப் பின்னால் ஏதோ ஊர் தெரிந்தது.

“அத்தான், கரையோட போயிருவமா? அந்தா ஆடு மேய்க்கிறவர் நிக்கிறாரு, ஒரு வார்த்த கேட்டுக்கிர்றேன்” என்றான் இமானுவேல்.

வாத்தியார் கையைத் தூக்கினார். வெற்றுக் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. “வேணாம் மாப்ளே. நேரா இங்குட்டுத்தான் காட்டுது. கண்மாய்க்குள்ள எறங்கி ஏறிட்டா பாதி நடை மிச்சம்” என்றார்.

ஞானபூரணி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவர் மணிக்கட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினாள்.

அந்த வருஷம் கண்மாயில் நடுவில்தான் தண்ணீர். ஓரமெல்லாம் மேலே காய்ந்து, உள்ளே சேறு. விறகு வெட்டியவர்கள் கழித்துப் போட்ட சீமைக்கருவை முள் அந்தச் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. ஷூ போட்ட காலுக்கு அது தெரியவில்லை. பாதித் தூரத்தில் சகாயராணி “மதினி” என்று கூப்பிட்ட சத்தம் கேட்டு வாத்தியார் திரும்பிப் பார்த்தார். ஞானபூரணி சேற்றில் உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் ஏறிய முள் உள்ளேயே முறிந்துவிட்டது. கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தாள், ஓர் அடி வைத்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

இமானுவேல் ஓடிப்போய் ஒரு டிராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கரை வரைக்கும் அவளைத் தூக்கி வந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் அவள் அழுதாள். முள்ளுக்கு வராத அழுகை, டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றும்போது வந்தது. நான் நடந்துர்றேன், மெதுவா நடந்துர்றேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்கவில்லை. வாத்தியார் அந்தப் பெட்டியின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய ஷூவில் சேறு மட்டும்தான் ஒட்டியிருந்தது.

திருவாடானையில் ஒரு டாக்டர் காலைக் கீறி முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டார். ஒரு மாதத்துக்குக் கால் ஊன்றி அதிகம் நடக்கக்கூடாது என்றார். இமானுவேலுக்கு மனசு ஆறவில்லை.

“வாட்சு என்னதான் காட்டுச்சு அத்தான்?” என்றான்.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் ஞானபூரணி சொன்னாள். “அது சரியாத்தான் காட்டுச்சு. நாந்தான் பாத்து மிதிக்கல.”

தம்பியும் அவன் மனைவியும் மாத்திரை வாங்கப் போன பிறகு வாத்தியார் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “பூரணி, அந்தக் கரையில நான்...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும். கண்ணாடியில ஒண்ணுமில்ல. பாத்தேன்.”

“அப்ப ஏன் எறங்குன?”

“நீங்க முன்னால போயிட்டீக” என்றாள் அவள்.

கால் நூற்றாண்டு அந்தப் பதிலை வேடிக்கையாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவருக்கு இப்போது உடம்பெல்லாம் கூசியது. இந்த மனுஷிக்கு நான் எத்தனை தடவை முன்னால் போயிருக்கிறேன், எத்தனை தடவை இவள் தெரிந்தே பின்னால் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வந்தது. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அப்படிப் போட்டதுகூட நடிப்பு போலவே அவருக்குப் பட்டது.

ஓரியூர் போகாமலே பஸ்ஸில் திரும்பினார்கள். வீடு நிறைய ஆட்கள். ரீனா மடியில் பிள்ளை. தெருவில் அன்று அம்பைப் பார்க்க வந்தவர்கள் இன்று கட்டுப் போட்ட காலைப் பார்க்க வந்திருந்தார்கள். நேர்ச்சை முடியவில்லை என்பதை ஞானபூரணியே சொன்னாள். கால் ஆறின பிறகு வீட்டிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். அதுவரைக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. பிரபு அப்போது கடலில் இருப்பான். ஞானத்தகப்பனாக வேறு யாராவதுதான் நிற்க வேண்டும். பிரபு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டான்.

“வாட்சு ஒழுங்கா வேல செஞ்சுச்சாப்பா?”

வாத்தியார் எழுந்து நின்றார். வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றார், ஆனால் குரல் வகுப்புக் குரலாக இல்லை.

“பேட்டரி வழியிலயே போச்சுய்யா. போனதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, காட்டுதுன்னு பொய் சொன்னேன். வெறுங்காலோட வந்தவுகள முள்ளுக்குள்ள எறக்குனது நாந்தான். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல.”

இமானுவேல் தரையைப் பார்த்தான். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று வாத்தியார் நினைத்திருந்தார், ஆகவில்லை. ஞானபூரணி என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் பக்கம் திரும்பினார். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

“இத்தன பேரு முன்னால இப்பச் சொல்றீக” என்றாள். “அந்தக் கரையில நாங்க மூணு பேருதான நின்னோம்.”