ஆறாம் நாள் உபயம்

காலையில் எங்கள் பனைமட்டை வேலிக்கு மேலால் ஒரு தட்டு வரும். ஓரத்தில் நீலக்கோடு போட்ட எனாமல் தட்டு. அதில் ஒரு கை சூடை மீனோ, நாலைந்து முரலோ, கடல் கொடுத்த நாளில் நல்ல திரளி ஒன்றோ இருக்கும். யாரும் கேட்டு அது வருவதில்லை. மலையில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இதை நம்பமாட்டார்கள். நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பராவுக்கு ஒரு சுண்டு அரிசி போனாலும் அது திரும்பி வரவேண்டிய அரிசி. மன்னார்த் தீவில் படகு கரைக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் கறி உண்டு, அவ்வளவுதான். ஒரே ஒரு விதி, தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வந்த புதிதில் என் மனைவி ஆரோக்கியம் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினாள். வேலிக்கு அப்பால் நின்ற றோசாவின் முகம் கறுத்துப்போனது.

"என்ன அக்கா, எங்கட மீன் பிடிக்கேல்லையோ?"

"ஐயோ, இல்லைங்க! நல்லா கழுவித்தானே குடுக்கிறேன்?"

"அந்தக் கழுவினதுதான் அக்கா பிழை. கோவத்தில இருக்கிற ஆக்கள்தான் வெறுந்தட்டை நீட்டுறவை."

மறுநாள் தட்டு திரும்பியபோது அதில் ஒரு பிடி தேயிலை இருந்தது. ஆரோக்கியத்தின் அண்ணன் தோட்டத்திலிருந்து அனுப்புவது. அன்றிலிருந்து அந்த வேலிக்கு மேலால் மீன் வந்தது, தேயிலை போனது.

நாங்கள் இந்தத் தீவில் வந்து இறங்கியது ஒரு சாம்பல் புதன். எதையும் திருநாட்களோடு சேர்த்துக் குறித்துவைப்பது என் பழக்கம். மலையில் வீடு எரிந்தது மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள். இங்கே கிணறு வெட்டியது உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம், முதல் வாளியிலேயே உப்பு. பிள்ளைகள் மூவரும் ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊர்க் கோயிலில்தான். ஆனாலும் தலைமன்னார் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் இன்றைக்கும் கேட்பார், "ஐயா எந்த இடம்?" ஊரைச் சொல்வேன். "அது சரி, சொந்த இடம்?" என்பார். அவர் பகையாகக் கேட்பதில்லை. என் வாயிலிருந்து இன்னும் குளிர்ப் பிரதேசத்துத் தமிழ்தான் வருகிறது. மலைக்குப் போனாலோ, அங்கே என் மைத்துனர் "மன்னார்க்காரர் வந்திட்டாரு, கருவாடு எங்க?" என்கிறார்.

றோசாவின் கணவன் அன்ரன் கடலுக்குப் போகிறவன், வாசிக்கிறவனும்கூட. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் முன்விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு, ஒரே புத்தகத்தை மாறி மாறி உரக்க வாசிப்போம். போர்க்காலத்தில் அவனுடைய குடும்பம் படகேறி இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமில் இருந்தது. "பின்னேரத்தில ஆள் எண்ண வருவாங்கள் அண்ணன். பேர் கூப்பிட்டாக் கையைத் தூக்கவேணும்" என்றான் ஒருமுறை. நான் எங்கள் பெரட்டுக்களத்தைச் சொன்னேன், விடியற்காலையில் கங்காணி பெயர் கூப்பிட வரிசையில் நிற்பதை. அவன் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினான். நானும் தூக்கினேன். இந்தத் தீவில் எனக்கு ஒரு தம்பி கிடைத்தது அந்த ஞாயிறுதான் என்று எண்ணியிருந்தேன்.

கடந்த தவக்காலத்தில் ஒரு பழைய மேல்நாட்டு நாவலின் தமிழாக்கத்தை எடுத்தோம். ஒரு துறைமுகத்தில் கூலிகள் தங்கும் விடுதி. தங்கியிருப்பவர்கள் எல்லாருமே வேறெங்கோ இருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள், ஆளுக்கொரு மூலையில் தனிமையில் வேகிறவர்கள். ஆனால் குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்காரும்போது, கடைசியாக வந்த ஒருவனை மட்டும் கதவோரம் நிறுத்தி வைக்கிறார்கள். வெளியே ஊர் தங்களுக்குச் செய்வதை அவர்கள் உள்ளே அவனுக்குச் செய்கிறார்கள். அவனோடு ஒன்றாகச் சுமை தூக்கிய கூட்டாளியும் அடுப்படியில் இருந்துகொண்டு சுவரைப் பார்க்கிறான். அந்த இடத்தில் அன்ரன் புத்தகத்தை மூடிவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"துரத்தினவனை விடுங்கோ அண்ணன். சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தானே, அவன்தான் பெரிய கள்ளன்."

அதே தவக்காலத்தில்தான் ஆரோக்கியம் அந்த ஆசையை வாய்விட்டுச் சொன்னாள். எங்கள் கோயில் திருநாளுக்கு முன் நவநாள் நடக்கும். ஒன்பது மாலைகளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். கோயிலைச் சோடிப்பதும், மன்றாட்டை முன்னின்று சொல்வதும், முடிவில் சனத்துக்குத் தேநீர் கொடுப்பதும் அந்த மாலைக்குரிய குடும்பம்தான். ஆறாம் நாளுக்குரிய குடும்பம் முழுக்கக் கனடாவுக்குப் போய்விட்டது. அவர்களது பூட்டிய வீட்டு வாசலில் ஊர்க் கழுதைகள் படுத்திருக்கின்றன. சில ஆண்டுகளாக ஆறாம் மாலையில் பீடத்துக்குப் பூ வைக்கவும் ஆள் இல்லை. "அந்த ஒருநாளை நமக்குத் தருவாங்களாங்க? நம்ம பிள்ளைங்க இந்த ஊருதான்னு ஒருதடவை மைக்கில கேட்டாப் போதும்" என்றாள். அன்ரனிடம் சொன்னேன். "இதென்ன பெரிய காரியம்? நான் கதைக்கிறன் அண்ணன், நீங்கள் பேசாம இருங்கோ" என்றான். நான் பேசாமல்தான் இருந்தேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு கூட்டம் நடந்தது. கோயில் மூப்பர் விஷயத்தை எடுத்தார். "ஆறாம் நாளை மலைநாட்டு ஐயா கேக்கிறார். அன்ரன், உனக்குப் பக்கத்து வீடு. என்ன சொல்லுறாய்?"

அன்ரன் எழுந்தான். அவன் சுவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தே பேசினான்.

"அது ஊராக்கட நாள். அவை கனடாவில இருந்தாலும் ஊராக்கள்தானே? அண்ணன்ர குடும்பம் நல்ல சனம், நான் ஒரு குறையும் சொல்லேல்லை. ஆனா வந்த ஆக்கள். இண்டைக்கு ஒருநாளைக் குடுத்தா நாளைக்கு ஆர் ஆரெல்லாம் கேட்டு வருவினமோ தெரியாது."

பின்வரிசையில் ஒருவன், "பீடத்தைத் தேயிலைக் கொழுந்தால சோடிப்பினமோ?" என்றான். சிரித்தார்கள். மூப்பர் கையமர்த்தினார், அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆறாம் நாள் கனடாக்காரருக்கே என்று முடிவானது. எங்கள் கடைசி மகள் பெண்கள் பக்கத்தில் ஆரோக்கியத்தின் அருகே இருந்தாள். "வந்த ஆக்கள்" என்றால் யார் என்று அவள் தாயைக் கேட்டிருக்கவேண்டும். ஆரோக்கியம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மறுநாள் வேலியடியில் அன்ரன் நின்றான்.

"கோவமோ அண்ணன்?"

"பேசுறேன்னு நீதானே தம்பி சொன்ன?"

"பேசினனான்தானே" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. குரலைத் தாழ்த்தினான். "மகளுக்கு அந்தக் கனடா வீட்டுப் பெடியனைக் கலியாணத்துக்குக் கதைச்சுக்கொண்டிருக்கிறம். இந்த நேரம் அவையின்ர நாளை நான் எப்பிடி எடுத்துக் குடுக்கிறது? நீங்கள் வாசிக்கிற ஆள், உங்களுக்கு விளங்கும்."

விளங்கியது, அதுதான் துயரம். அவனை வெறும் துரோகி என்று எழுதி முடிக்க என்னால் முடியவில்லை. அவன் பயம் எனக்குத் தெரியும். முகாமில் கையைத் தூக்கியவனுக்குத் தன் மகளாவது எங்கும் கையைத் தூக்காமல் வாழவேண்டும் என்ற எண்ணம் இருக்கும். ஆனால் எங்களுக்கு இடையில் வாசிப்பு என்று ஒன்று இருந்ததே, அதையே எடுத்து என் வாயை அடைத்தான். மலையிலிருந்து இறங்கி வன்னியிலும் இந்தக் கரையிலும் குடியேறிய என் ஆட்களே, நம்மைக் கங்காணி விரட்டியதும் காடையர் விரட்டியதும் நமக்குப் புரிந்த காரியங்கள். நம்மோடு அழுதவன் நம்மைக் கதவோரம் நிறுத்துவதை எந்தத் திருநாளின் கீழ் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் இன்னும் போகவில்லை. காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான். "அண்ணன், ஆறாம் நாள் தேத்தண்ணி ஊத்த அவைக்கு இங்க ஆக்கள் இல்லை. நீங்களும் அக்காவும் ஒரு கை தருவியளோ? அக்காட தேயிலை எண்டாச் சனம் விரும்பிக் குடிக்கும்."

நான் உள்ளே வந்தேன். ஆரோக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஆறாம் நாள் காலையில் தட்டு வந்தது. இதுவரை வராத அளவில் ஒரு திரளி, கண் பளிச்சென்று, வால் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. றோசா வேலியோரம் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். ஆரோக்கியம் மீனை எடுத்து ஆய்ந்து சட்டியில் போட்டாள். பிறகு தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். உப்புத் தண்ணீரில் அலசி, முந்தானையால் துடைத்து, வெறுமையாகக் கொண்டுபோய் வேலிமேல் வைத்தாள்.

"ஆரோக்கியம், அது..." என்றேன்.

"தெரியும்ங்க" என்றாள்.

மாலையில் ஒலிபெருக்கி ஆறாம் நாள் உபயகாரரின் பெயரைச் சொன்னது, பிறகு கனடா என்று சொன்னது. நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. மன்றாட்டுமாலை தொடங்கியது. குசினியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று திரளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு புனிதரின் பெயருக்கும் ஊர்ச்சனத்தோடு சேர்ந்து, ஒன்றையும் தவறவிடாமல், மெல்லிய குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே கடற்காற்று எழுந்திருந்தது. யாரும் எடுக்காத அந்தத் தட்டு, வேலிமட்டையில் அவர்கள் பக்கம் பாதியும் எங்கள் பக்கம் பாதியுமாக ஆடிக்கொண்டிருந்தது.