ஷோகேஸுக்குக் காற்று விட்டவள்

கௌசலாவின் உள்ளங்கைக்குச் சூடு தெரியும். பன்னிரண்டு வருசமாக ஆடைத் தொழிற்சாலையில் அயன் மேசையில் நிற்கிறவள். துணியில் கையை வைத்தாலே இது மடிப்பு விழுகிற சூடா, கருகுகிற சூடா என்று சொல்லிவிடுவாள். அதனால் சித்திரை மாதம் ஒரு நாள் பாட்டுச் செற்றின் முதுகில் கையை வைத்தபோது, அதற்கு என்ன வருத்தம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை.

"இது உள்ளுக்குக் கிடந்து அவியுது," என்றாள்.

செற் அவள் வாங்கியது. அது இருந்த ஷோகேஸ் அவளுடைய மாமி விமலேஸ்வரியின் சீதனம். முதிரை மரம். முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் ஓட்டை ஒடிசல் இல்லாத முழுப் பலகை. சண்டை முடிந்து முகாமிலிருந்து விசுவமடுக் காணிக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. இந்த ஷோகேஸ் மட்டும் மழையில் நனைந்தபடி நின்றது. அன்றைக்கு அதைக் கட்டிப் பிடித்து அழுத மாமி, வீட்டுத் திட்டத்தில் புது வீடு எழும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் ஹோலுக்குள் கொண்டுவந்து வைத்தா.

மேல் தட்டில் பீங்கான் கோப்பைகள். நடுத்தட்டில் ரீவி. கீழ்த்தட்டில் அம்பிளிபயர், அதன் தலைக்கு மேலே டிவிடி பிளேயர், இரண்டையும் மூடி மாமி பின்னிய லேஸ் துணி. கண்ணாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். மாமியிலும் பிழை சொல்ல ஏலாது. வாசலோடு கிரவல் ரோட்டு. சோளகக் காற்று எழும்பினால் தேத்தண்ணிக்குள்ளும் செம்மண் விழும். ஒரு டிப்பர் போனால் போதும், ரீவியின் முகத்தில் விரலால் பெயர் எழுதலாம்.

ஞாயிறு பின்னேரங்களில் அந்த ஹோலில் பத்துப் பெண்கள் கும்மி பழகுவார்கள். ஊர் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கும்மி அடிப்பது கௌசலாவின் நேர்த்திக்கடன். தாளத்தைப் பென் ட்ரைவில் போட்டு வைத்திருந்தாள். பாட்டுத் தொடங்கி அரை மணித்தியாலம் நன்றாகப் போகும். பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். தூக்கிய கைகள் தூக்கினபடி நிற்கும்.

"நம்ம பொட்டிக்கும் நம்மள மாதிரி முழங்கால் வலி வந்துருச்சு புள்ள," என்பாள் அடுத்த வளவு வடிவம்மா. "அரை மணிக்கு ஒருக்கா உக்காரணும்ங்குது." மலையகத்திலிருந்து சின்ன வயதிலேயே வன்னிக்கு வந்தவள். நாற்பது வருசமாகியும் பேச்சை மட்டும் மாற்றவில்லை.

கௌசலா கணவன் திலீபனிடம் சொன்னாள். "பின்பலகையிலை ஒரு துளை போடவேணுமப்பா. அதுக்குக் காத்துப் போகோணும்."

"அம்மாட்டைக் கேட்டனீரோ?"

"கேட்டால் ஓமெண்டுவாவோ?"

"மாட்டா."

"அப்ப ஏன் கேக்கோணும்?"

மாமி விசுக்கோத்து வாங்கக் கடைக்குப் போன நேரம், வடிவம்மாவின் புருசன் நடராசாவிடம் ட்ரில்லை இரவல் வாங்கினாள். ஷோகேஸை இழுத்துத் திருப்பி, பலகையில் வட்டமாகப் பொட்டுப் பொட்டாகத் துளைத்து, கைவாளால் அறுத்தெடுத்தாள். இரண்டு கை அகலம். டிவிடி பிளேயரைத் தூக்கி மேல் தட்டில் தனியாக வைத்தாள். லேஸ் துணியைத் தோய்க்கப் போட்டாள். வந்து பார்த்த மாமி மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. ஆனால் செற் நிற்காமல் பாடியது. நாலாம் நாள் மாமியே, "உந்தத் திருவாசகத்தை ஒருக்காப் போடு பிள்ளை," என்று கேட்டா.

இரண்டு கிழமை கழித்து அந்தத் துளையால் ஒரு குளவி வந்தது.

வாயில் மண் உருண்டையோடு வரும், போகும். அம்பிளிபயரின் முதுகில் காற்றுப் போவதற்கென்று நீளம் நீளமாகக் கீறல்கள் இருக்கின்றனவே, சரியாக அவற்றின் மேலேதான் கூடு கட்டியது. முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு கோழிமுட்டை அளவு, பிறகு ஒரு கைப்பிடி மண். செற் திரும்பவும் 'டிக்' என்றது. கௌசலா பல்லுத் தேய்க்கிற பிறஸை எடுத்துக்கொண்டு போனாள். மாமி குறுக்கே வந்து நின்றா. கண் கலங்கியிருந்தது.

"தொடாதை பிள்ளை! குளவி வீட்டுக்குள்ளை கூடு கட்டினால் என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

கௌசலாவுக்குத் தெரியும். அந்த ஊரில் தெரியாதவர் யார்? குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும். அதைக் கலைத்தால் பிள்ளையையே கலைத்த மாதிரி.

அவளுக்குக் கலியாணமாகிப் பதினொரு வருசம்.

"நீ துளை போட்டனீ எண்டு ஏசினன். இப்பதான் விளங்குது, ஆர் போடுவிச்சதெண்டு," என்றா மாமி. செற்றின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்தா. "இனி இதைப் போடக்கூடாது. சூடு பட்டால் உள்ளுக்கிருக்கிற குஞ்சு செத்துப் போம்." ஷோகேஸின் பக்கப் பலகையில் சந்தனமும் குங்குமமும் வைத்தா. அன்று இரவுக்குள் வேலிக்கு வேலி கதை போய்விட்டது.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஷோகேஸைப் பார்த்தார்கள். அடுத்ததாகக் கௌசலாவின் வயிற்றைப் பார்த்தார்கள். ஒருத்தி ஒரு பை மாங்காய் கொண்டுவந்தாள். கும்மிக்கு வரும் சுரேகா, போன வருசம் கலியாணம் முடித்தவள், "அக்கா, இனிக் குனிஞ்சு நிமிந்து கும்மி அடிக்காதேங்கோ, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்," என்று சிரித்தாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். கௌசலாவுக்கு அந்தச் சிரிப்பு அயன் பெட்டி பட்டது போல இருந்தது.

மாமிக்குத் தெரியாத ஒன்று உண்டு. போன வருசம் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் இருவரையும் இருத்தி வைத்து, இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வற்றாப்பளை அம்மனிடம் போனார்கள். கௌசலா அன்றைக்குப் பிள்ளை கேட்கவில்லை. "தாயே, இதை நினைச்சு அழாமல் இருக்க ஒரு மனம் தா. தந்தால் எங்கடை ஊர்க் கோயிலிலை உனக்குக் கும்மி அடிப்பன்," என்றுதான் கேட்டாள். அம்மன் தந்தா. மூன்று மாதம் போக, அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கியபோது நெஞ்சு அடைக்கவில்லை. அந்தக் கடனைத்தான் அவள் இந்தப் பொங்கலுக்குக் கழிக்க இருந்தாள். இப்போது ஒரு பிடி மண் வந்து செற்றின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு எட்டு நாள் இருந்தது. கைபேசியில் தாளத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பத்துப் பேர் கைதட்டுகிற சத்தத்தில் அது நுளம்பின் ரீங்காரம் மாதிரிக் கேட்டது. ஒருத்தியின் கால் ஒரு பக்கம், மற்றவளின் கை வேறு பக்கம்.

"நிப்பாட்டுங்கோ பிள்ளையள்," என்றா மாமி. "இந்த வருசம் கும்மி இல்லாட்டி அம்மன் கோவிக்கமாட்டா. அடுத்த வருசம் பிள்ளையோடை வந்து அடிக்கட்டும்."

கௌசலா எழும்பினாள். ஷோகேஸைப் பிடித்து இழுத்தாள். கோப்பைகள் கிலுகிலுத்தன.

"வடிவம்மாக்கா, அந்த டோர்ச்சை ஒருக்காப் பிடியுங்கோ."

"நானா?" வடிவம்மா மாமியைப் பார்த்தாள், கௌசலாவைப் பார்த்தாள். "மாரியாத்தா, எம்மேல பழி போட்டுறாத. நான் வெளிச்சம் மட்டுந்தான் அடிக்கிறேன்."

"பிள்ளை, கை வையாதை!" மாமி கிட்ட வந்தா. "பிறகு காலம் முழுக்க இருந்து அழுவாய்."

"அழுது முடிச்சிட்டன் மாமி." கௌசலா திரும்பி நின்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பத்துப் பேருக்கும் கேட்டது. "எனக்குப் பிள்ளை பிறக்காது. டொக்டர் சொல்லி ஒரு வருசமாகுது. உங்கடை மகனுக்கும் தெரியும்."

வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த திலீபனை எல்லாரும் பார்த்தார்கள். அவன் துணியைக் கையில் வைத்தபடி நின்றான். பிறகு, "ஓம் அம்மா," என்றான். "சொல்லுற தைரியம் எனக்கு வரேல்லை."

மாமி கதிரையில் இருந்துவிட்டா.

"டொக்டருக்கு என்ன தெரியும்? அம்மனுக்குத் தெரியாதோ?"

"அம்மன் எனக்குச் சொல்லவேண்டியதை நேரை சொல்லிப்போட்டா மாமி. குளவியிட்டைச் சொல்லி அனுப்பவேண்டிய தேவை அவாவுக்கு இல்லை. அவா தந்ததுக்குத்தான் நான் கும்மி அடிக்கப்போறன். தராததுக்குக் காத்துக்கொண்டு, தந்ததை மறக்கச் சொல்லுறீங்களோ?"

சுரேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

கௌசலா தோசைக் கரண்டியின் முனையைக் கூட்டின் அடியில் விட்டு மெல்ல மெல்ல நெம்பினாள். உடையாமல் ஒரே கட்டியாக வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொய்யா மரத்தின் கவட்டில் வைத்துவிட்டு வந்தாள். உள்ளே இருந்தது பிழைக்குமோ பிழைக்காதோ, அவளுக்குத் தெரியாது. கீறல்களுக்குள் இறுகியிருந்த மண்ணைப் பிறஸால் தட்டி எடுத்தாள். பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டி, பின்பலகைத் துளைக்கு மேல் ஆணியடித்தாள். கண்ணாடிக் கதவு இரண்டையும் பிணைச்சலோடு கழற்றிச் சுவரில் சாத்தினாள்.

"உள்ளுக்குத் தூசி போகும்," என்றா மாமி.

"போகட்டும். துடைப்பன்."

வயரைச் செருகினாள். தாளம் எழும்பியது. முதலில் வடிவம்மாதான் கையைத் தட்டினாள், பிறகு மற்றவர்கள். மாமி எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. உள்ளே சட்டி பானைகள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. அரை மணித்தியாலம் போனது. முக்கால் மணித்தியாலம் போனது. செற் நிற்கவில்லை, பெண்கள்தான் களைத்துப்போய் நின்றார்கள்.

தண்ணி குடிக்கிற இடைவெளியில் சுரேகா கிட்ட வந்தாள். "அக்கா, கோவியாதேங்கோ. கூட்டைக் கலைச்சது பாவமில்லையோ?"

"பாவமெண்டால் அது என்ரை கணக்கிலை இருக்கட்டும். நீர் மூண்டாம் அடியிலை காலை மாறி வைக்கிறீர், அதைப் பாரும்."

குசினிக் கதவு கொஞ்சம் திறந்தது. "சத்தத்தைக் குறை பிள்ளை," என்றா மாமி, முகத்தைக் காட்டாமல். "ரோட்டாலை போறவை எல்லாருக்கும் கேக்குது. கூடு இருக்க ஏன் செற்றைப் போட்டவள் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும் மாமி. நீங்கள் மறுமொழி சொல்லவேண்டாம். என்னட்டை அனுப்புங்கோ."

அவள் பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு, வட்டத்தின் நடுவே போய் நின்றாள்.