தூக்கிச் சொன்ன சீருக்கு வரி

எருத்தேன்பதிப் பக்கம் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால், மைக்செட்காரன் வராவிட்டாலும் சமாளித்துவிடலாம், பூவாத்தக்கா வந்தாக வேண்டும். எங்கள் ஊரில் சீர் சொல்கிறவள் அவள்தான். உறவுக்காரர்கள் கொண்டுவரும் தட்டுகளைச் சபை நடுவில் வைத்து, இன்னார் வீட்டுச் சீர், இன்ன பொருள், இன்ன மதிப்பு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அக்காவுக்கு மூன்று தென்னந்தோப்பு தாண்டிக் கேட்கும் குரல்.

குரல் மட்டும் காரணமில்லை. அக்கா எதையும் குறைத்துச் சொல்லமாட்டாள். அவள் வாயில் விழுந்தால் எவர்சில்வர் பித்தளையாகும், பித்தளை வெண்கலமாகும், ஆயிரம் ரூபாய்ச் சேலை அசல் பட்டாகும். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே தலையாட்டுவார்கள். நாளைக்கு அவர்கள் தட்டும் அதே சபைக்கு வரவேண்டுமே. "கொடுக்கறவிய கை சிறுசா இருக்கும் அம்மிணி. அதுக்குன்னு நம்ம வாயும் சிறுசாவா இருக்கோணும்?" என்று என்னிடம் கேட்பாள். பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

மற்றபடி அவளும் எங்களைப்போலத்தான். நாலு மாடு, கொஞ்சம் தென்னை, காலையும் மாலையும் பால் சொசைட்டி. வீட்டுக்காரர் குப்பண்ணன் அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் அவருக்குப் பேச இடமும் கிடைத்ததில்லை. ஒரே மகள் ஆனந்தி நர்ஸ் படித்து இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை ஈஸ்வரன், பக்கத்து வண்ணாமடை வள்ளியாத்தாளின் மகன். அவனும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

போன வருடம் ஆனந்திக்கு ஏழாம் மாதம். ஊருக்கு வர முடியாது, லீவு இல்லை. அங்கேயே கூட வேலை செய்கிற நம்மூர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடத்துவதாக ஏற்பாடு. தாய்வீட்டு வளையல் இல்லாமல் வளைகாப்பா என்று அக்கா ஒரு பெட்டி கட்டிவிட்டாள். கட்டியதும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எதிர் வீட்டில் ஸ்கூட்டர் வைத்திருப்பவள் நான். எனக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டது அக்காதான். ஏன் என்பது போகப்போகப் புரிந்தது.

கொழிஞ்சாம்பாறையில் கூரியர் ஆபீஸ் வைத்திருப்பவர் சிவப்பிரகாஷ். நாங்கள் போனபோது அங்கே சம்பந்தி வள்ளியாத்தாள் ஏற்கெனவே பஸ்ஸில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேரனுக்கோ பேத்திக்கோ போகிற முதல் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வேறு பெட்டி போட வந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் நின்றிருந்தார்கள். சம்பந்தி உட்கார்ந்து, ஊர் நின்று பார்த்தால் அக்காவுக்கு அது சபை.

"என்னென்ன இருக்குதுங்க? ஒவ்வொண்ணும் என்ன வெலைன்னு சொல்லுங்க. அந்த நாட்டுல பெட்டியத் தெறக்கறவங்களுக்கு எழுதோணும்" என்றார் சிவப்பிரகாஷ்.

அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"தாய் ஊட்டுச் சீருங்க. சேலை ஒண்ணு. பட்டு. பதினஞ்சாயிரம் போட்டுக்கங்க. குங்குமச் சிமிழு ஒண்ணு. வெள்ளி. பத்தாயிரம். வளையலு..."

அந்தச் சேலையை நானும்தான் கூடப்போய் எடுத்தேன். நூல் சேலை. சிமிழ் வெள்ளி முலாம் பூசியது, தேய்த்தால் போய்விடும், தேய்க்காதீர்கள் என்று கடைக்காரரே சொல்லித்தான் கொடுத்தார். நான் அக்காவின் முதுகில் கிள்ளினேன். அவள் கொசு கடித்த மாதிரி சொறிந்துகொண்டு கண்ணாடி வளையலையும் முறுக்கையும் அதே உயரத்துக்கு ஏற்றினாள்.

சிவப்பிரகாஷ் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். "அக்கா, நெசமா என்ன வெலையோ அதச் சொன்னாப் போதுமுங்க. அங்க வரி போடறவன் இதத்தான் பாப்பான்."

"பாக்கட்டுமே. எம்புள்ளைக்கு ஆத்தா ஊட்டுல இருந்து என்ன வருதுன்னு அவனுந்தான் தெரிஞ்சுக்கட்டும்."

வள்ளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான்கைந்து நாளில் ஆனந்தி அழுகிற குரலில் போனில் கூப்பிட்டாள். பெட்டி அந்த நாட்டுக்குள் இறங்கிவிட்டது, ஆனால் வீட்டுக்கு வரவில்லை. இவ்வளவு விலையுள்ள பொருளுக்கு இறக்குமதி வரி கட்ட வேண்டும். அந்த வரியை வாங்கிக் கட்டுவதற்குக் கூரியர்காரனுக்குத் தனிக் கூலி. இரண்டையும் கூட்டினால், பெட்டியில் இருக்கும் அத்தனையையும் இன்னும் நாலைந்து தரம் கடையில் வாங்கிவிடலாம். கட்டாவிட்டால் பெட்டி வந்த வழியே திரும்பிவிடும்.

"அவரு கட்டிடறேன்னு சொல்றாரும்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்தாப் போதும்."

போனைக் கையில் வைத்தபடி அக்கா மாட்டுக்கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை காசு கட்டி மாமியார் வீட்டுச் சீரை எடுப்பதா? இதைவிட மானக்கேடு எங்கள் பக்கத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "மாப்பிள்ளைய ஒரு பைசா கட்ட வேண்டாம்னு சொல்லு சாமி. நான் இங்கிருந்து கட்டிக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுபடியும் என் ஸ்கூட்டர். சிவப்பிரகாஷ் இரண்டு வழி சொன்னார். வரியையும் கூலியையும் அனுப்பியவரே இங்கே கட்டலாம். இல்லையென்றால் கடை பில்லை எல்லாம் கொண்டுவந்து, விலையைத் தவறாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு கடிதம் கொடுத்தால், அங்கே திரும்பவும் கணக்குப் பார்ப்பார்கள். சின்ன மதிப்புள்ள அன்பளிப்புக்கு அந்த நாட்டில் வரியே கிடையாதாம். முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் பெட்டி பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கும்.

"பில்லு இருக்குதல்லக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குது. ஆனா கொடுக்கமாட்டேன்."

"ஏனுங்க்கா?"

"பட்டுன்னு சம்பந்தி மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டு, இப்ப நூல் சேலைன்னு காயிதம் எழுதறதா? நாளைக்கு எம்புள்ள அந்த ஊட்டுல தலை நிமுந்து நிக்க வேண்டாமா அம்மிணி?"

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லி வரியை ஏய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லி வரியை வரவழைத்துக்கொண்டவளை அன்றுதான் பார்த்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

சாயங்காலம், வரிப் பணத்துக்காக அக்கா விற்கத் துணிந்த கிடாரியைப் பார்க்கத் தரகர் வந்தார். அடுத்த வருடம் கன்று போட வேண்டிய நல்ல கிடாரி. குப்பண்ணன் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "ஏம்புள்ள, இதையா?" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். தரகர் காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கூரியரைவிட வேகமாகப் போவது மாட்டுத் தரகர் வாயில் விழுந்த சேதிதான். விடிந்ததும் தரகர் வருவதற்கு முன்னால் முதல் பஸ்ஸில் வள்ளியாத்தாள் வந்து இறங்கினார். நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். குடம் நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை, காது முழுக்கக் கொட்டகையில் இருந்தது.

"ஏனுங் சம்பந்தி, கிடாரிய விக்கறீங்களாமா?"

"ஆமாங்க. தீவனம் கட்டுபடியாகறதில்லீங்க."

"தீவனத்துக்கா விக்கறீங்க? எம்பையன் ராத்திரி போன்ல எல்லாஞ் சொன்னானுங்க."

அக்கா பதில் சொன்னபோது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மூன்று தோப்பு தாண்டும் குரல் மூன்றடிக்கு வரவில்லை. நான் வெட்கத்தை விட்டுக் கொட்டகை வரைக்கும் நகர்ந்து போனேன்.

"பட்டு இல்லீங்க. நூல் சேலைங்க. எண்ணூறு ரூவா. சிமிழு வெள்ளி இல்லீங்க, முலாமுங்க. உங்க முன்னால கொறச்சுச் சொல்ல வாய் வரலீங்க."

"தெரியுமுங்க."

"கூரியர் ஆபீஸுலயே தெரிஞ்சுதுங்களா?"

"நம்ம புள்ளைக கல்யாணத்தன்னைக்கே தெரியுமுங்க, நீங்க எப்படிச் சொல்லுவீங்கன்னு." வள்ளியாத்தாள் கவிழ்த்திருந்த பால்கேனின் மேல் உட்கார்ந்தார். "நாங்க ஆனந்திக்குக் கொண்டாந்த முகூர்த்தச் சேலை தள்ளுபடியில எடுத்ததுங்க. எங்கூட்டுக்காரரு தவறிப்போயி அப்பத்தான் வருசந் திரும்பியிருந்துச்சு. கையில ஒண்ணுமில்ல. எங்க மாமனாரு வழி ஆளுக பூராவும் முன்வரிசையில வந்து உக்காந்திருந்தாங்க, இவ என்னத்தக் கொண்டாந்துட்டான்னு பாத்துச் சிரிக்கறதுக்குன்னே. நீங்க அந்தத் தட்டைத் தூக்கி, காஞ்சிபுரத்துல சொல்லி நெசவு பண்ணுன பட்டுன்னு சொன்னீங்க. அத்தனை வாயும் அடைச்சுப்போச்சு. அன்னைக்கு ஊட்டுக்குப் போயி நான் அழுதனுங்க."

அக்கா கிடாரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மானத்தைக் காப்பாத்துன வாயிங்க அது. அதுக்கு வரின்னு நீங்க மாட்டை வித்தா, எனக்குச் சோறு எறங்குமுங்களா? பில்லை எடுங்க. நானும் வாரேன்."

அக்கா அழுதாள், சம்பந்தியும் அழுதார். நானும் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தரகர் வந்து பார்த்துவிட்டு, மூன்று பெண்கள் அழுகிற வீட்டில் மாடு வாங்கக்கூடாது என்று அவரே திரும்பிப் போய்விட்டார்.

சம்பந்திகள் இருவரும் பஸ்ஸில் போனார்கள். என் ஸ்கூட்டர் அன்று ஓய்வெடுத்தது. கடிதத்தைச் சிவப்பிரகாஷ் எழுத, பில்களோடு அன்றைக்கே அனுப்பியாயிற்று. விலையைக் குறைத்துச் சொன்னவர்களைப் பிடிப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள், கூட்டிச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து வந்த கடிதத்தை எத்தனை பேர் கூடிப் படித்தார்களோ தெரியாது. சனிக்கிழமை பெட்டி ஆனந்தி கைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்தோம். நூல் சேலை கட்டி, இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் போட்டு ஆட்டிக்காட்டினாள். அதைப் பார்த்துக் குப்பண்ணன்கூடச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

பேரன் பிறந்தான். இந்தமுறை பெட்டி வள்ளியாத்தாளுடையது. நாங்கள் மூவரும் உள்ளே நுழைந்ததும் சிவப்பிரகாஷ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா பில்களை எடுத்து நீட்டினாள். வெள்ளி அரைஞாண்கொடி, மெல்லிசு, இன்ன விலை. கம்பளித் தொப்பி, சம்பந்தி கையால் பின்னியது, நூல் இன்ன விலை. பில்லில் உள்ளபடி, ஒரு ரூபாய் கூட்டாமல், காதோடு சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கே பாவமாக இருந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வண்ணாமடை பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரத்தில் இருந்து ஒருத்தி தலையை நீட்டினாள். வள்ளியாத்தாளின் மாமனார் வழிச் சொந்தக்காரி, கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி.

"என்ன வள்ளி, பேரனுக்குப் பெட்டி போட்டயாமா? என்னத்த அனுப்புன?"

வள்ளியாத்தாள் தரையைப் பார்த்தார். வெள்ளிக்கொடி என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் பூவாத்தக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"அப்பத்தா ஊட்டுச் சீருங்க. அரைஞாண்கொடி. தங்கம். மூணு பவுனு."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் திரும்பினார். ஜன்னலில் நீண்டிருந்த தலை மெதுவாக உள்ளே போனது.

"அக்கா" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"சும்மாரு அம்மிணி. ஆபீஸுல உள்ளதச் சொல்லியாச்சு. இங்க யாரு வரி போடறா?"

வள்ளியாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்தி, முன்வாசல் வழியாகப் பஸ் ஏறினார்.