மயில் கவசம் வெடி தாங்குமா?

அலங்காரக் கவசம் செய்பவனிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: மினுக்கம் எவ்வளவு காலம் நிற்கும்? கொக்குவிலில் என் பட்டறை. மெல்லிய அலுமினியத் தகட்டில் மயிலைத் தட்டியெடுத்து, பொன்வர்ணம் பூசி, கூத்து ராசாக்களின் நெஞ்சுக்கும் கலியாண மேடைக்கும் கொடுக்கிறேன். வாடிக்கையாளரிடம் அகப்பட்டு விழிக்கும் என் தொழில்காரர்களே, வேறு கேள்வி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

சுட்டுப் பார்த்தீரா?

வல்வெட்டித்துறையிலிருந்து ஓர் அக்கா வந்தார். கவசத்தைத் தட்டிப் பார்த்து, "தம்பி, இது வெடி தாங்குமோ?" என்றார். விளையாட்டில்லை. சமையல் வேலை என்று வெளிநாடு போன மகனை அங்கே பட்டாளத்தில் சேர்த்து, சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். இதை வாங்கி அவனுக்கு அனுப்பப் போகிறார் என்று விளங்கிக்கொண்டேன். கூத்துக்குச் செய்தது, தாங்காது என்றேன்.

"சுட்டுப் பாத்தனீரோ?"

இல்லை என்றேன்.

"பிறகு என்னெண்டு தாங்காது எண்டு சொல்லுறீர்? பாத்துச் சொல்லும், வெள்ளிக்கிழமை வாறன்."

ஆணிக்கடை

நான் குழம்பிப்போனேன். தாங்காது என்பது நிச்சயம். ஆனால் பார்த்தவன் யார்? வீட்டு வளவில் ஒரு வெற்றுத் தோட்டாக் கோது கிடந்தாலே பொலிசுக்குச் சொல்லும் ஊரில், சுட்டுப் பார்க்கத் துவக்கை எங்கே தேடுவது? வழக்கமாக ஆணி வாங்கும் கடைக்கார அண்ணையிடம், தெரிந்தவர் யாரிடமாவது துவக்கு இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டேன். அவர் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, ஆணி வேணுமெண்டால் கேளும். இல்லாட்டி வீட்டை போம்."

போர்த்தேங்காய்

என்னோடு வேலை செய்யும் செல்வம், வருடப்பிறப்புப் போட்டியில் மற்றவர்களின் தேங்காயை உடைப்பதற்கென்று ஒரு தடித்த ஓட்டுப் போர்த்தேங்காய் வைத்திருந்தான். வேறு வழி தெரியவில்லை. புதுக் கவசத்தை மதிலில் சாய்த்து வைத்தேன். அவன் ஓடிவந்து எறிந்தான். மயிலின் கழுத்து மறுபக்கம் போய்விட்டது. தேங்காய்க்கும் துவக்குச் சன்னத்துக்கும் என்ன கணக்கு, இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, செல்வம் தேங்காயை எடுத்துக் காதோரம் குலுக்கினான்.

"தேங்காய்க்கு ஒண்டுமில்லை, அண்ணை."

வெள்ளிக்கிழமை

அக்கா சொன்னபடி வந்தார். நெளிந்த கவசத்தை முன்னால் வைத்து, "தேங்காயையே தாங்கேல்லை, அக்கா. இதை அனுப்பாதேங்கோ" என்றேன். அழுவார் என்று பயந்தேன். அவர் பள்ளத்தை விரலால் தடவினார். பிறகு கைபேசியில் மகன் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். பட்டாள உடுப்பின் நெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு தகட்டை இழுத்தெடுத்து, அவன் இரண்டு கையாலும் அமத்துகிறான். அது நெளிகிறது.

"நான் வாங்க வரேல்லை, தம்பி. அவங்கள் பிள்ளைக்குக் குடுத்ததும் உம்மடை தகடு மாதிரித்தான் கிடக்கு. அது தாங்குமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

அலங்காரக் கவசம் செய்கிறவன் நான் மட்டும்தான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.