சிகரெட்டோட காத்தையும் விட்ட மனுஷன்

"அத்தை, உங்க மூக்கை அறுத்து அடுப்புல போடுங்க! இந்த வீட்டுல மனுஷன் மூச்சுவிட முடியல!"

செருப்பைக்கூடக் கழட்டாம வாசப்படியில நின்னு என் மாப்ள என்னைப் பாத்துக் கத்துனாரு. என் மகளைக் கட்டின நாள்ல இருந்து என்கிட்ட குரல உசத்தினதே இல்ல அந்த மனுஷன். நான் அப்படி என்ன கேட்டுட்டேன்? "என்ன மாப்ள, இன்னைக்கு சோப்பு வாசம் தூக்கலா இருக்கே"ன்னேன். அவ்வளவுதான்.

அவரு மர சாமானுக்கு பாலிஷ் போடுறவரு. கதவு, கட்டில், மேசை, பீரோன்னு எது குடுத்தாலும் கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுப்பாரு. உடம்புல எப்பவும் பாலிஷ்ல கலக்குற தின்னர் நாத்தம். குளிச்சாலும் போகாது, தலகாணி உறைய அலசினாலும் போகாது. அப்படிப்பட்ட ஆளு வேலை முடிஞ்சு வரும்போதே சோப்பும் ஏலக்காயுமா மணந்துக்கிட்டு வந்தா, எந்த மாமியாக்காரி மூக்கு சும்மா இருக்கும்?

என் மக அடுப்படியில இருந்து கரண்டியோட வந்தா. "சிகரெட் குடிச்சீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு."

கரண்டிய அங்கேயே போட்டுட்டு உள்ள போயிட்டா.

அவ பயந்ததுலயும் தப்பில்ல. கொஞ்ச நாள் முந்தி அவரு ஒரு கதவத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறினா பாதியில நின்னு நாய் மாதிரி இளைச்சாரு. டாக்டர் நெஞ்சுல குழாய வெச்சுப் பாத்துட்டு ஒளிக்காம சொல்லிட்டாரு. "தின்னர் புகை ஒரு பக்கம், சிகரெட் புகை ஒரு பக்கம். ரெண்டையும் இந்த நெஞ்சு தாங்காது. ஒண்ண விட்டாகணும். அடுத்த தடவை வர்றப்போ இப்படியே இருந்துச்சுன்னா நான் பாலிஷ் வேலைய விடச் சொல்லுவேன்." வேலைய விட்டா இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? சட்டைப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது. அதனால சிகரெட்டை விட்டாரு. நிஜமாவே விட்டாரு, பொய் சொல்லக்கூடாது. கிராம்பைக் கடிச்சாரு, தீக்குச்சியக் கடிச்சாரு, எங்களையும் ரெண்டு நாள் கடிச்சாரு, அப்புறம் அடங்கிட்டாரு. மாடி ஏறினா இளைப்புகூட குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

நல்லா இருந்த ஆளு ஏன் வழுக்கினாரு? அதுதான் எங்க யாருக்கும் விளங்கல.

"எனக்கே புரியல அத்தை"ன்னாரு, கோவம் தணிஞ்ச பிறகு. "ஒரு சாப்பாட்டு மேசை. ரெண்டாவது கோட்டு பாலிஷ் அடிச்சதும் மேல பாலேடு மாதிரி சுருங்கிப்போச்சு. முதல் கோட்டு காயல போல. அந்த மேசைக்காரம்மா வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருச்சு. வெளிய வந்தேன். கை போச்சு, வாங்கிச்சு, பத்த வெச்சிச்சு. பாதி எரிஞ்சப்புறம்தான் நானே அங்க போய்ச் சேர்ந்தேன்."

"உங்க கை உங்களக் கேக்காமலா போச்சு? நல்ல கைதான்!"

"அத்தை, ஒண்ணு குடிச்சா குடிச்சதுதானா?"

எனக்கு என்ன தெரியும்? குடிச்சதுதான்னு சொன்னா மனசு விட்டுருவாரு. இல்லைன்னு சொன்னா நாளைக்கு இன்னொண்ணு குடிப்பாரு. "போய் சாப்பிடுங்க"ன்னுட்டேன்.

மறுநாள் ஒண்ணு இல்ல, ஒரு பாக்கெட்டே வாங்கிட்டு வந்து டிவிக்கு மேல பகிரங்கமா வெச்சாரு. என் மக கேட்டதுக்கு, "முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு?"ன்னாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "நனைஞ்சது கால் கட்டைவிரல். அதுக்குத் தலையக் கொண்டுபோய் கிணத்துலயா விடுவீங்க?"

"மாமா பீடிகூடத் தொட்டதில்ல. அவரு இருமியே போய்ச் சேரலையா?"

நிஜம்தானே! என் வீட்டுக்காரரு ஒரு வெத்திலகூடப் போடாத மனுஷன். இருமி இருமித்தான் போனாரு. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நியாயம் எங்க இருக்குன்னு கேட்டா நான் யாரைக் கை காட்டுறது?

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போயிட்டாரு. என் மக எடுத்துக்கிட்டுப் போகமாட்டேன்னுட்டா, வீம்பு. நான்தான் தூக்கிக்கிட்டு அவரு பட்டறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. ஈரப் பாலிஷ்ல தூசி ஒட்டிரும்னு சாத்தி வெப்பாங்களாம். திறந்ததும் நாத்தம் என்னைப் பிடிச்சுத் தள்ளுச்சு, கண்ணு எரியுது. உள்ள இந்த மனுஷன் ஒரு பலகை மேல குந்தி, கையத் தொங்கப்போட்டுக்கிட்டு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி அந்த மேசையவே பாத்துக்கிட்டு இருக்காரு.

"என்ன பண்ணுறீங்க?"

"காயட்டும்னு இருக்கேன்."

"இந்த நாத்தத்துலயா? முன்னாடியும் இப்படித்தான் உள்ளேயே இருப்பீங்களா?"

"இல்ல அத்தை. தின்னர்கிட்ட நெருப்பு ஆகாதுல்ல? ஒரு கோட்டு அடிச்சா தெரு முனைக்குப் போய் ஒரு சிகரெட் குடிச்சுட்டு வருவேன். வந்தா காஞ்சிருக்கும். வானம் மூட்டமா இருந்தா ரெண்டு குடிப்பேன்."

"இப்ப?"

"இப்பதான் நிறுத்திட்டேனே. பாக்கெட் வாங்கினதுக்கு முந்தி. இல்ல, இப்பவும் நிறுத்தத்தான்..." அவருக்கே எங்க நிக்கிறோம்னு தெரியல, பாவம். "வெளிய போய் என்ன பண்ணுறது அத்தை?"

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "அட கூறுகெட்ட மனுஷா! டாக்டர் சிகரெட்டைத்தானே விடச் சொன்னாரு, காத்தை ஏன்யா விட்டீங்க? இந்த விஷத்தைப் பூரா உள்ள குந்தி மோந்துக்கிட்டு, காயுறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு அடுத்த கோட்டையும் அடிச்சா, மேசையும் சுருங்கும், நீங்களும் சுருங்குவீங்க!"

நான் யோசிச்சு ஒண்ணும் சொல்லல, வாய்க்கு வந்ததைத் திட்டினேன். ஆனா அது அவருக்கு உறைச்சிருச்சு. அப்புறம் எந்திரிச்சு வெளிய போனாரு. நானும் பின்னாடியே போனேன்.

போயி? தெரு முனையில சும்மா நின்னாரு. கைய எங்க வெக்கிறதுன்னு தெரியல. இடுப்புல வெச்சாரு, பாக்கெட்ல விட்டாரு, தலைய சொறிஞ்சாரு. எதிர்வீட்டுக்காரி ஜன்னல்ல எட்டிப் பாத்து, "யாரைத் தேடுறீங்க?"ன்னா. சிகரெட்டோட நின்ன வரைக்கும் இவரை ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லையாம். வெறுங்கையோட நின்னா திருடன்! என்ன உலகமோ.

"யாரையும் தேடல. மேசை காயுது"ன்னாரு. அவ ஜன்னல சாத்திட்டா. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவரும் சிரிச்சுட்டாரு. சிரிச்சுட்டே மேல் பாக்கெட்ல இருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்துப் பாத்தாரு. கசக்குவாருன்னு நெனச்சேன். கசக்கல. திரும்பி உள்ள வெச்சுக்கிட்டாரு. அன்னைக்குக் குடிச்சாரா இல்லையான்னு நான் கேக்கல, மோந்தும் பாக்கல. என் மூக்குக்கும் ஒரு நாள் லீவு வேணும்ல.

அந்த வாரக் கடைசியில பாக்கெட்டு டிவி மேலயும் இல்ல, சட்டையிலயும் இல்ல. எப்ப விட்டீங்கன்னா தெரியல அத்தைங்கிறாரு. நடுவுல ஒண்ணு ரெண்டு குடிச்சதாவும் அவரே சொன்னாரு. என் மக கரண்டியக் கீழ போடல, "சரி, நாளைக்கு?"ன்னு மட்டும் கேட்டா. டாக்டர்கிட்டப் போனப்போ அவரு ரொம்ப நேரம் குழாய வெச்சுக் கேட்டுட்டு, "வேலைய இப்போதைக்கு விடவேண்டாம், கதவைத் திறந்து வெச்சுச் செய்யுங்க, மறுபடி வாங்க"ன்னாரு. கதவத் திறந்தா தூசி ஒட்டுமே, அதுக்கு என்ன பண்ணுறதுன்னு அந்த டாக்டருக்கும் தெரியல.

இப்ப ஒரு கோட்டு அடிச்சதும் மாப்ள வெளிய போயிடுறாரு. சும்மா நிக்கிறவனைத்தானே கேள்வி கேக்குறாங்க, உக்காந்தவனைக் கேக்கமாட்டாங்கன்னு தெரு முனையில போட்டுக்க ஒரு செவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிட்டாரு. எதிர்வீட்டுக்காரி இப்ப, "காஞ்சிருச்சா?"ன்னு கேக்குறாளாம். கடைக்காரன் ஸ்டூலுக்கு முந்நூத்தி அம்பது சொல்லியிருக்கான், இவரும் பேரம் பேசாம எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்காரு. என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா இருநூத்தி எண்பதுக்கு முடிச்சிருப்பேன்.