தெருவிளக்கடி உருளைக்கிழங்கு

யாழ்ப்பாணத்து வேலணையில் சாட்டிப் பக்கமாக நாலு பரப்புத் தோட்டம் செய்பவர் ஜெயந்தா. வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்தபின் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்தவர். ரியூசன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் இருட்டில் வருகிறார்கள் என்று பிரதேச சபைக்கு மூன்று தடவை போய், தோட்டத்து வேலியோரம் ஒரு தெருவிளக்குப் போடுவித்ததும் அவர்தான்.

2023 கார்த்திகையில் முதன்முதலாக உருளைக்கிழங்கு நட்டார். மார்கழி முடிவதற்குள் வேலியோரச் செடிகள் தொடையளவுக்கு வளர்ந்து கறுத்த பச்சையாய் நின்றன. வழியால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கிணற்றடிப் பாத்திகளிலோ செடிகள் கட்டை. அவற்றைப் பார்க்கத்தான் அவருக்குக் கவலையாக இருந்தது.

தைக் கடைசியில் மண்ணைக் கிளறினார். கட்டைச் செடிகளுக்குக் கீழே முட்டையளவில் ஏழெட்டுக் கிழங்குகள். வேலியோரச் செடியைப் பிடுங்கினால் வெள்ளைத் தண்டுகள்தான் நீள நீளமாக வந்தன. நுனியில் ஒன்றும் திரளவில்லை. இன்னும் ஆறு செடி பிடுங்கினார். பிறகு வரம்பிலேயே குந்திவிட்டார்.

மறுநாள் காலை விவசாயப் போதனாசிரியர் யசோதரா வந்தார்.

"இந்தச் செடிகளுக்கு உரம் பசளை கூடப் போட்டனீங்களோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. எல்லாத்துக்கும் ஒரே அளவு, ஒரே தண்ணி. நான் காலடி வைச்சு அளந்து பாத்தனான். விளக்கு வெளிச்சம் விழுற இடம் வரைக்கும்தான் இப்பிடி. அங்காலை கிழங்கு கிடக்கு."

யசோதரா கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அதுதான் காரணமாயிருக்கும். இரவு நீளமெண்டு இலை கண்டால்தான், கிழங்கு வைக்கச் சொல்லி மண்ணுக்குள்ளை சேதி அனுப்பும். விடிய விடிய வெளிச்சம் பட்டால் அதுக்குப் பகல் முடியேல்லை. செடிக்குள்ளை சுரக்கிற ஜிபரெலின் எண்டொரு ஓமோன் இருக்கு. இப்பிடியான நேரத்திலை அது குறையாது. செடியை உயர்த்தும், கீழ்த்தண்டை நீட்டும், நுனியைத் திரள விடாது. விளக்கைக் கழட்டச் சொல்லிக் கடிதம் எழுதித் தரட்டோ?"

 விளக்கு வருவதற்கு முன் மூத்த மகள் பயந்து ஓடிவந்த இரவுகள் ஜெயந்தாவுக்கு நினைவுக்கு வந்தன.

"கழட்ட ஏலாது பிள்ளை. வெளிச்சம் தோட்டத்துக்கு வராமல் மறைச்சால் காணாதோ?"

"காணும், அதுவே போதும் அக்கா."

சபையில் அனுமதி எடுத்து, மின்வேலை செய்யும் நிசாந்தனைக் கூப்பிட்டார். அவர் தகரத்தை வளைத்து விளக்கின் தோட்டப்பக்கத்தில் பொருத்தினார். வெளிச்சம் தெருவில் மட்டும் விழுந்தது.

மற்றப் பாத்திகளைக் கிண்டி முடித்த பிறகும் வேலியோரச் செடிகளை விட்டுவைத்தார். பங்குனித் தொடக்கத்தில் மண்வெட்டி போட்டபோது சின்னக் கிழங்குகள் உருண்டு வந்தன. பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றைத் துடைத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த போகத்தில் வேலியோரம், கிணற்றடி இரண்டு கரையும் ஒரே மாதிரி விளைந்தன. விவசாயிகள் கூட்டத்தில் பேசும்படி யசோதரா கேட்டபோது, தனக்குப் பேசத் தெரியாது என்றார். பிறகு கரைக்கு ஒன்றாக வேரோடு இரண்டு செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய், முக்கால் மணித்தியாலம் பேசினார்.