ஒரு வீட்டில் இரண்டு போசன்கள்

போசனைக் குளிப்பாட்டுவது விஜிலாவின் வேலை. பழைய அலுமினியச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, இரண்டு கையாலும் அவனைத் தூக்கி உள்ளே இறக்குவாள். முதலில் தலையை இழுத்துக்கொள்வான். தண்ணீர் ஓட்டில் ஏறியதும் மெல்லக் கழுத்து வெளியே வரும், குடிக்கத் தொடங்குவான். தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் ஓட்டின் வரிகளில் படிந்த மண்ணை அவள் எடுத்துக்கொண்டே இருப்பாள்.

"மெதுவா குடிலே. ஒன் தண்ணிய யாரு பறிக்கா?"

போசன் ஓர் ஆமை. ஆப்பிரிக்க இனம், தரையில் வாழ்வது. மகள் ஏஞ்சலின் சென்னையில் வேலை பார்த்தபோது, வெளிநாடு கிளம்பிய தோழி ஒருத்தி பதிவுச் சீட்டோடு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணமாகி அடுக்குமாடி வீட்டுக்குப் போன ஏஞ்சலின் அதைத் திரேஸ்புரத்தில் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டாள். வந்த அன்றே ஆமை காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு சுற்று நடந்தது. குழாயடி, பிச்சிப்பூத் தொட்டி, துணி துவைக்கும் கல் என்று ஒவ்வொன்றிலும் நின்று மோந்து பார்த்தது. "அப்பா கப்பல்ல டெக்க சுத்தி வார மாரியே இருக்கும்மா" என்றாள் மகள். அப்பா டிக்சன் சரக்குக் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். ஆமைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எங்கோ நடுக்கடலிலிருந்து போனில் பேசிய டிக்சனும் சிரித்தார். தன் வேலைக்கு வீட்டில் ஆள் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

ஆமையெல்லாம் வீட்டுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுப் பேபி அக்கா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே முருங்கைக் கீரையை உருவி மதிலுக்கு மேலே நீட்டும் அளவுக்கு ஆகிவிட்டது.

குரைக்கிற நாயை வளர்ப்பது வேறு. சத்தமே இல்லாத உயிரைக் கழுத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கழுத்து நீண்டு, மூக்கு தரையை ஒட்டி வந்தால் அவனுக்கு ஏதோ தெரிந்துகொள்ள ஆசை. புதிதாக எதை வைத்தாலும் வருவான், சிவப்பு வாளி என்றால் எந்த மூலையிலிருந்தாலும் வந்துவிடுவான். தலையை மேலும் கீழுமாக ஆட்டினான் என்றால் முட்டப் போகிறான். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆளின் கருப்பு ஷூவைக் கண்டால் வாசல்வரை விரட்டுவான். அந்த ஷூவை இன்னொரு ஆமை என்று நினைக்கிறான் என்று கால்நடை டாக்டர் சொன்னார். விஜிலாவுக்கும் அது சரியாகவே பட்டது. கோபம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. இது என் இடம் என்று சொல்ல அவனுக்கு வேறு வாய் ஏது?

டிக்சன் ஒருமுறை கப்பல் ஏறினால் திரும்ப எட்டு மாதம், ஒன்பது மாதம் ஆகும். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதுகிற சாயங்காலங்களில் விஜிலா பின்வாசல் படியில் உட்கார்ந்து முள் சீவிய சப்பாத்திக்கள்ளித் துண்டுகளைப் போட்டபடி ஆமையிடம் பேசுவாள். மீன் ஆணத்துக்குப் புளி கூடிப்போனது, தலைவலி, கோயில் திருவிழாவுக்கு எடுத்த சேலை. போனில் அவரிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. கடலில் இருக்கிறவரிடம் நல்லதை மட்டும்தானே சொல்வது.

போன கிறிஸ்துமஸுக்கு டிக்சன் ஒரேயடியாக வந்துவிட்டார். மூட்டு தேய்ந்துவிட்டது, கம்பெனியும் வயதைக் காட்டி நிறுத்திவிட்டது. மறுநாள் காலை கருப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனவரின் கணுக்காலில் போசன் வந்து முட்டினான். விலகினார், பின்னாலேயே வந்து மறுபடி முட்டினான். மதிலுக்கு மேலிருந்து பேபி அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏளா விஜிலா, ஒரு கப்பலுக்கு ரெண்டு போசன் ஆவுமா? ஒருத்தர எறக்கி விடு."

தெருவே சிரித்தது. டிக்சனும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு குழாயடிக்குப் போவதென்றால் முன்வாசல் வழியாகச் சுற்றிப் போனார். சாப்பிட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். இந்த நேரத்தில்தான் ஏஜென்ட் கூப்பிட்டான். வளைகுடாவில் இழுவைப் படகு, ஒரு வருட வேலை, மூட்டுத் தேய்மானத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். டிக்சன் அதை அவளிடம் சொன்னார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

விஜிலாவும் கேட்கவில்லை. கப்பல்காரன் வீட்டில் பயணத்துக்குக் குறுக்கே பேசுகிற வழக்கம் கிடையாது. பெட்டியை வாசலில் வைத்து, "பாத்துப் போங்க" என்பதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். அவராகவே, போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று மட்டும் மனம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சமைத்தாள். சீலாமீன் பொரித்து இறக்கிவிட்டு, கள்ளித் துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"போசா, வாலே. எங்க போய்க் கெடக்க? வந்து தின்னு."

படுத்திருந்த டிக்சன் எழுந்து அடுக்களை வாசலில் வந்து நின்றார். கப்பலில் இத்தனை காலமும் அந்தப் பெயருக்குத்தான் எழுந்து ஓடியிருக்கிறார். அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. விஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒங்களயில்ல. நீங்க உக்காருங்க, எடுத்து வைக்கேன்."

உட்கார்ந்தார். அவர் லீவில் வந்தால் எடுக்கும் பூப்போட்ட பீங்கான் தட்டைக் கழுவி வைத்தாள். பெரிய துண்டாகப் பார்த்து மீனை வைத்தாள். அவர் சோற்றைப் பிசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குரல்ல என்னய நீ ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

கேலி என்று நினைத்து அவள் நிமிர்ந்தாள். கேலி இல்லை.

"எனக்குப் பீங்கான். ஒனக்கு எவர்சில்வர். இன்னும் லீவுல வந்தவனுக்குப் போடுத மாரிதான் போடுத. எப்ப கெளம்புவாம்னு பாக்கியோன்னு தோணுது."

அவள் அந்தத் தட்டைப் பார்த்தாள். இருப்பதிலேயே நல்ல தட்டு அது. வேறு யாருக்கும் அதில் போட்டதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை விரிப்பு மாற்றியது, விலையைப் பார்க்காமல் சீலா வாங்கியது எல்லாம் அவர் இருக்கட்டும் என்றுதான். அதையெல்லாம் அவர் இப்படி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே.

சாயங்காலம் ஆமை படுக்கும் பின்னறைக்கு டிக்சன் வந்தார். இவனோடு எப்படித்தான் ஒத்துப்போவது என்று கேட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னாள். தரையில் உட்காரச் சொன்னாள். நேருக்கு நேர் பார்க்காமல் ஒருபக்கமாகத் திரும்பி, கையைத் தரையோடு வைத்து, ஒரு கீரைக் காம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டு போகக்கூடாது. மூட்டு வலிக்க, சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

"என்னய ஏன் இவனுக்கு ஆவல?"

"ஆவாமயில்ல. நீங்க யாருன்னு தெரியல. வாரிய, ரெண்டு மாசம் இருக்கிய. மோந்து பாத்து மனசுல வைக்கதுக்குள்ள பெட்டியக் கெட்டிருதிய. அவன் என்ன செய்வான்?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரைப் பற்றிச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் கீரையைப் பிடித்தபடியே இருந்தார்.

போசன் மூலையிலிருந்து கிளம்பினான். பாதி தூரத்தில் நின்று தலையை ஆட்டினான். முட்டப் போகிறான் என்று விஜிலா நினைத்தாள். டிக்சன் அசையவில்லை. ஆட்டம் நின்றது. கழுத்து நீண்டது, மூக்கு தரையைத் தடவிக்கொண்டு வந்தது. கீரையை விட்டுவிட்டு அவருடைய கட்டைவிரலை மோந்தான். கயிறு அறுத்துக் காய்த்துப்போன விரல். ஒரு பக்கம் மோந்து, சுற்றி வந்து மறுபக்கமும் மோந்தான்.

டிக்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விஜிலா கதவு நிலையில் சாய்ந்து அவருடைய பிடரியைப் பார்த்தாள். நரைத்துவிட்டது. அது நரைத்ததை அவள் கூட இருந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நரைத்து வந்ததைத்தான் பார்த்திருக்கிறாள்.

"போவாத" என்றாள்.

மரியாதை விட்டுப்போன சொல் அது. புருசனிடம் முதல் தடவையாக அவள் வாயில் வந்திருக்கிறது. அவர் காது லேசாகச் சிவந்தது போல இருந்தது. ஆனால் திரும்பவில்லை, விரலை எடுக்கவுமில்லை.

சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். இனி அவர்தான் சொல்ல வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.